பேச்சியம்மாள் கொண்டுவந்த மஞ்சள் பை

பேச்சியம்மாள் அந்த அறைக்குள் வரும்போது செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவாள். வேறு யாரும் அப்படி விடுவதில்லை. அது ஒன்றும் கோயில் இல்லை. அரசாங்கக் கட்டடம் ஒன்றின் பின்பக்கத்தில் ஒதுக்கிக் கொடுத்த அறை. ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் போட்டுக்கொண்டே சுற்றும் ஃபேன், சுவரில் சிரிக்கிற குழந்தைகளின் படம்.

நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள். உப்பளத்துத் தண்ணீரில் நின்று நின்று விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்த பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள். மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை இருக்கும். அதன் காதுகள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பாள்.

"மணி பத்தாயிட்டா மேடம்?" என்று ஜெசியிடம் கேட்பாள்.

ஜெசி என்பவள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வரும் சமூகப் பணியாளர். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவள்தான் காவல். "இன்னும் ஆகலம்மா. அவங்க வந்துருவாங்க" என்பாள்.

'அவங்க' என்பது நான். பத்து மணி என்றால் பத்தே காலுக்குத்தான் போவேன். எங்கள் வீடு அங்கிருந்து ஐந்து நிமிட நடை. குளத்தூரிலிருந்து விளாத்திகுளம் வந்து, பஸ் மாறி, கரிசல் காட்டுப் புழுதியெல்லாம் தின்றுகொண்டு கோவில்பட்டிக்கு வருகிறவள் ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்திருப்பாள். உள்ளூரில் இருக்கிற நான் கால் மணி நேரம் தாமதமாகப் போவேன். பதினொன்றுக்குக் கறாராக எழுந்துவிடுவேன்.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, பத்திலிருந்து பதினொன்று வரை. பெற்றவள் தன் பிள்ளையைப் பார்க்கக் குழந்தைகள் நலக் கமிட்டி கொடுத்திருந்த நேரம் அது. அதிலும் கால் மணியை நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாசகியின் கடிதம்

போன வாரம் இந்தத் தொடரில் கனி எங்கள் வீட்டுக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். பத்து வயதுப் பெண், கையில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸோடு வந்து நின்றதையும், அதற்குள் கவராயமும் அளவுகோலும் இல்லாமல் ஊக்குகளும் ரப்பர் வளையங்களும் இருந்ததையும் சொல்லியிருந்தேன்.

அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி பத்திரிகைக்குக் கடிதம் போட்டிருக்கிறார். 'பெறாமலே தாயானவர் நீங்கள், உங்கள் கால்களில் விழத் தோன்றுகிறது' என்று எழுதியிருக்கிறார். ஆசிரியர் சந்தோஷமாக அதை எனக்கு அனுப்பி வைத்தார்.

படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த அம்மா மேல் இல்லை, என் மேல். பாதிக் கதையை எழுதினால் பாதிப் பேர் காலில் விழத்தான் வருவார்கள். மீதியையும் இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சரோஜா. கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அரசாங்க ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் நான்தான். வீட்டுக்காரர் மணியாச்சி ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஏழாவது அத்தியாயத்தில் போதுமான அளவு அழுதுவிட்டேன்.

கனி எங்களுக்குத் தத்துப் பிள்ளை இல்லை. தத்து வேறு, இது வேறு. அவளுடைய அப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அம்மா பேச்சியம்மாளுக்கு டி.பி. முற்றி, ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாள். பேச்சியின் தம்பி மாடசாமி கல்யாணமாகாதவன், உப்பளத்துக் கொட்டகையில் படுத்து எழும்புகிறவன். பிள்ளையை வைத்துக்கொள்ள வீடு கிடையாது. அதனால் கமிட்டி கனியை எங்களிடம் வளர்க்கக் கொடுத்தது. பெற்றவள் தேறினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

நான் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு வரி இருந்தது. 'பெற்ற தாயுடன் குழந்தைக்கு உள்ள தொடர்பைத் தடுக்க மாட்டேன்.' என் கடை மெஷினிலேயே அதை மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். எழுத்து மங்காமல் வர வேண்டுமென்று ஒரு பிரதியைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தேன்.

சடை

முதல் வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. பேச்சி ஆஸ்பத்திரியில் இருந்தாள். கனி என்னை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். கடைக்கு வந்து கண்ணாடி மேசையில் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மெஷினிலிருந்து சூடாக வரும் தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வது அவளுக்குப் பிடிக்கும்.

பிறகு பேச்சி தேறினாள். மறுபடி உப்பளத்து வேலைக்குப் போனாள். பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்று மனுக் கொடுத்தாள். இரண்டாவது சனிக்கிழமைகள் தொடங்கின.

அந்த அறையில் அவள் பெரிதாக எதுவும் பேசமாட்டாள். கனியைத் தன் முன்னால் தரையில் உட்காரவைத்து, நான் பின்னிய சடையை அவிழ்ப்பாள். பேன் இருக்கிறதா என்று வகிடு வகிடாகப் பார்ப்பாள். பிறகு நெற்றிமுடி ஒன்றுகூடப் பறக்காமல் இறுக்கிப் பின்னி விடுவாள். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் சடைக்கே போய்விடும்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். நான் பின்னியது சரியில்லை என்று சொல்லாமல் சொல்கிறாளாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அவிழ்த்து நான் ஒருதரம் பின்னுவேன்.

"வலிக்குதும்மா. எங்கம்மா பின்னுனதே இருக்கட்டும்" என்றாள் கனி ஒருநாள்.

"உங்கம்மா இழுத்த இழுப்புல நெத்தியெல்லாம் செவந்து கெடக்கு. பேசாம இருட்டி" என்றேன்.

நெற்றி சிவக்கவெல்லாம் இல்லை.

பைக்குள் என்ன?

இப்போது அந்தப் பைக்கு வருகிறேன்.

மாதா மாதம் அதே மஞ்சள் பை, அதே முடிச்சு. வருவாள், மடியில் வைத்துக்கொள்வாள், போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கனிக்கு வாங்கி வரும் பனங்கிழங்கோ சேவோ தனியாக வேறொரு கவரில் இருக்கும். மஞ்சள் பையை ஒருநாளும் பிரித்ததில்லை.

நாலாவது மாதம் பையின் ஓரத்தில் ஒரு துணி எட்டிப் பார்த்தது. அரக்குக் கரை. அன்றைக்கே ஜெசியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மேடம், அவ மாத்துத் துணியோட வாரா. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் பிள்ளைய இழுத்துட்டு பஸ் ஏறிருவா. பொறவு என்னயக் கேக்கக் கூடாது பாத்துக்கிடுங்க."

ஜெசி சின்னப் பெண். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பயந்துவிட்டாள். அடுத்த மாதத்திலிருந்து அறைக் கதவைத் திறந்தே வைத்தார்கள். பையை வெளியே பியூன் மேசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று பேச்சியிடம் சொல்லிவிட்டார்கள்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. பையைப் பியூனிடம் கொடுத்துவிட்டு, "கீழ வச்சிராதீங்க அண்ணாச்சி. மேசை மேலயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். சடை பின்னும்போது அடிக்கடி வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள். நான் என் சந்தேகம் சரிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் கிளம்பும்போது என் அருகில் வந்தாள். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"எக்கா, இது எந்தம்பி நம்பரு. எங்கிட்ட போன் கெடயாது. பிள்ளைக்கு எதுன்னாலும் ஒரு வார்த்த சொல்லுங்க. எந்நேரம்னாலும் வந்துருவான்."

"என்ன எதுன்னாலும்? நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

அவள் கனியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வளருத பிள்ளலா" என்றாள்.

ஒரு பெண் சொல்லி இன்னொரு பெண்ணுக்கு விளங்காத பேச்சா அது? எனக்கு நன்றாகவே விளங்கியது. சீட்டை வாங்கிக்கொண்டு போய்க் கடை மேசையின் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தேன். வெறும் பத்து எண்கள். பெயர் எழுதியிருக்கவில்லை.

என் மாமன் வந்த கோலம்

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். எனக்கு எதுவும் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்காக வாதாட வந்துவிடக் கூடாது.

நான் பெரிய மனுஷியானபோது எங்கள் அப்பாவுக்கும் என் தாய்மாமனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வரப்புத் தகராறு. மூன்று வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தார்கள். அப்படியும் அப்பா முதலில் ஆள் அனுப்பியது பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் இருந்த மாமனுக்குத்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

சடங்கு அன்றைக்கு நல்ல மழை. வந்தவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரர் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டார். மாமன் வராமல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். அவர் கொண்டுவரும் சேலைதான் முதலில் என் மேல் பட வேண்டும். அத்தைமார் கொண்டுவந்த பட்டெல்லாம் பெட்டியிலேயே காத்துக் கிடந்தன.

மாமன் பிற்பகலில் வந்தார். பஸ் பாதியில் நின்றுவிட்டதாம். முழங்கால்வரை கரிசல் சேறு. ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஒட்டியிருந்தது. சேலைப் பையை மட்டும் நனையாமல் துண்டால் சுற்றித் தலைமேல் வைத்திருந்தார். அப்பா செம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தார். மூன்று வருஷச் சண்டை அந்த வாசலிலேயே முடிந்தது.

அந்தச் சடங்கெல்லாம் தேவையா என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். நான் சொல்ல வருவது வேறு. ஒரு பெண் எந்த வீட்டுப் பிள்ளை என்பதை எங்கள் பக்கத்தில் அந்த முதல் சேலைதான் ஊருக்குச் சொல்லும். எந்தத் தாளிலும் எழுதிவைக்காத உரிமை அது. இது தெரிந்தேதான் நான் செய்தேன்.

புதன்கிழமை

பேச்சி வர ஆரம்பித்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். கனி ஆட்டோவில் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கடையைத் தாண்டும்போது ஆட்டோவை நிறுத்தி, ஷட்டரை இழுத்து மூடப் போனேன். கண்ணாடிக்கு அடியில் அந்தச் சீட்டு இருந்தது. என் கையில் போன் இருந்தது.

நான் கயத்தாறில் இருக்கும் என் தம்பி செல்வராஜுக்குப் போன் போட்டேன்.

வீட்டுக்காரருக்கு மாலையில்தான் விஷயம் தெரிந்தது. அவர் அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார்.

"அந்தப் பிள்ளைக்கு மாமன்னு ஒருத்தன் இருக்கான்லா சரோஜா. அவன்கிட்டச் சொல்லாம நீ உந்தம்பியக் கூப்பிடுதியே, இது நல்லாவா இருக்கு?"

"சொன்னா நாளைக்கே அக்காளும் தம்பியும் வந்து நிப்பாவ. சேலையப் போட்டு, மாலையப் போட்டு, எங்க பிள்ளன்னு ஊருக்கே காட்டிட்டுப் போயிருவாவ. ரெண்டு மாசத்துல கமிட்டி கூப்பிடும். அப்பம் பிள்ள எந்தப் பக்கம் சாயும்? நீங்க சொல்லுங்க."

"சாயுத பக்கம் சாயட்டுமே."

"உங்களுக்கென்ன, சொல்லிருவீய."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதைவிடப் பெரிய காரியத்தை மறுநாள் செய்தேன். கனி பாயில் உட்கார்ந்து உளுந்தங்களி தின்றுகொண்டிருந்தாள். நல்லெண்ணெய் விரலில் வழிந்தது. தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"எங்க மாமாவுக்குச் சொல்லியாச்சாம்மா? எப்பம் வாராவ?"

"சொல்லியாச்சு. அவியளுக்கு வரத் தோதில்லையாம்."

"எங்கம்மாவுமா?"

"அவளுந்தான்."

கனி விரலை நக்கவில்லை. களியை அப்படியே வைத்துவிட்டாள். "போதும்மா" என்றாள். அப்போதும் வாயைத் திறந்து சொன்னதை நான் மாற்றவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை இரண்டாவது சனிக்கிழமை. ஜெசிக்குப் போன் செய்து, கனிக்குக் காய்ச்சல், வர முடியாது என்று சொன்னேன். ஜெசி மாடசாமியின் நம்பருக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள். உப்பளத்தில் சிக்னல் கிடைக்கவில்லை. பேச்சி வழக்கம்போல வந்து, பதினொன்று வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாளாம். போகும்போது, "காய்ச்சல் கொறஞ்சிட்டான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மேடம்" என்றாளாம்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் நான் சடங்குப் பந்தலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஃப்ளெக்ஸ்

என் தம்பி செல்வராஜ் ஆடம்பரப் பேர்வழி. அவனுக்கு இரண்டும் பையன்கள். மாமன் சீர் செய்ய ஒரு வாய்ப்புக் கிடைத்ததும் விடுவானா? பதினோரு தட்டு, மேளம், வெடி. எல்லாவற்றுக்கும் மேலாக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பத்தடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினான். அதில் கூலிங்கிளாஸ் போட்ட அவன் படம் பெரிதாக. பக்கத்தில் பாவாடை தாவணியில் கனியின் படம் சிறிதாக. 'எங்கள் வீட்டு இளவரசிக்குத் தாய்மாமன் செல்வராஜின் சீர்வரிசை' என்று தங்க நிற எழுத்து.

எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் கட்ட ஆயிரம் பேர் உண்டு. அவிழ்க்க ஒருவனும் கிடையாது. விசேஷம் முடிந்து மூன்று வாரம் அது அங்கேயே வெயிலில் காய்ந்துகொண்டு நின்றது. நானும் தினமும் அதன் வழியாகத்தான் கடைக்குப் போனேன். கழற்றச் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை பேச்சி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் முன்னால்தான் நின்றிருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிள்ளையின் முகம் தெரியாமல் போகுமா? பூக்கடைக்காரியிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாவும் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லியிருக்கிறாள். இதைப் பூக்காரியே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கு நாங்கள் போனபோது ஜெசி கடுகடுவென்று இருந்தாள். வளர்ப்பில் இருக்கிற பிள்ளையின் படத்தை இப்படி ரோட்டில் கட்டலாமா, சட்டம் என்னவென்று தெரியாதா என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். பேச்சி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். போட்டிருந்தால் கமிட்டியில் எனக்குச் சாதகம். அவள் போடவில்லை.

கனியைத் தன் முன்னால் உட்காரச் சொன்னாள். கனி உட்காரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சந்தனமெல்லாம் நல்லாப் பூசுனாவளா ராசாத்தி?"

கனி ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினாள்.

"தண்ணி யாரு ஊத்துனா? வெந்நியா வச்சு ஊத்துனாவளா?"

"உங்களுக்கு என்ன?" என்றாள் கனி. அதுவரை அம்மாவை அவள் 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பேச்சி சடையைத் தொடப் போனாள். கனி தலையை இழுத்துக்கொண்டாள். பிள்ளை கோபித்துக்கொண்டது ஏன் என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தையில் அவிழ்த்திருக்கலாம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தே முக்காலுக்கே பேச்சி எழுந்துவிட்டாள். ஜெசி கனியைத் தண்ணீர் குடிக்க வெளியே கூட்டிக்கொண்டு போனாள். பியூன் மேசையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்து பேச்சி என் முன்னால் வைத்தாள்.

"எக்கா, இது அவ மாமன் எடுத்தது. என்னைக்கு வயசுக்கு வருவாளோன்னு பதினோரு மாசமா சொமந்தேன். நாம இல்லாத நேரத்துல ஆயிருந்தாலும், வந்த அன்னைக்கே போடுத மொதச் சேல நம்முளதா இருக்கணும்லா, அதுக்குத்தான். பிள்ள முன்னால இத எப்படிப் பிரிச்சுக் காட்டன்னு வெச்சிருந்தேன்."

பையை இன்னும் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்தினாள்.

"இனி அங்கன கொண்டு போயி என்ன செய்ய? நீங்களே வச்சுக்கிடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. ஜெசி குளத்தூருக்கே போய்க் கேட்டாளாம். "வேற ஆளு மாமனா நின்னாச்சு மேடம். பிள்ளயும் மொகத்தத் திருப்பிக்கிட்டா. இனி நான் யாருன்னு வந்து உக்கார?" என்றாளாம்.

கமிட்டியில் கனியைக் கேட்டார்கள். "நான் சரோஜாம்மா கூடவே இருக்கேன். எங்கம்மாவுக்கு நான் வேண்டாம்" என்றாள். எழுதிக்கொண்டார்கள். அன்றைக்குத் திரும்பி வரும்போது அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன். அதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் வாங்கினேன்.

பீரோவின் மேல்தட்டு

பையைத் தூக்கிப் போட எனக்குத் துணிச்சல் இல்லை. பிரித்துப் பார்க்கவும் துணிச்சல் இல்லை. பீரோவின் மேல்தட்டில், கம்பளிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். ஆறு வருஷம் அது அங்கேயே இருந்தது.

கனி நன்றாகப் படித்தாள். லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். நான் கடையில் இருந்தேன். மேல்தட்டில் பார் என்று நான்தான் போனில் சொன்னேன். ஞாபகம் வந்து ஓடி வருவதற்குள் அவள் பையைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தாள்.

அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை. ஒரு சந்தனக் கட்டி, ஒரு புது மரச் சீப்பு. பன்னிரண்டு வயதுக் கைக்கு மட்டுமே போகும் அளவில் ஒரு டஜன் கண்ணாடி வளையல். மேலே காய்ந்து நொறுங்கிய வெற்றிலை. அந்த வெற்றிலையை மாதா மாதம் புதிதாக மாற்றிக் கொண்டுவந்திருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

"இது யாரு தந்ததும்மா?"

சொன்னேன்.

"அன்னைக்கு எங்க மாமாவுக்கு நீங்க சொன்னீங்களா, இல்லியா?"

பொய் சொல்ல வாய் வந்தது. வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லல" என்றேன்.

அவள் அழவில்லை. வளையல் ஒன்றை எடுத்துக் கையில் போட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் மூட்டைத் தாண்டவில்லை. எல்லாவற்றையும் மறுபடி பைக்குள் வைத்து, காதுகள் இரண்டையும் முடிச்சுப் போட்டாள். "அவிய நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியை நகர்த்தி எடுத்துக் கொடுத்தேன். ஆறு வருஷம் அந்தச் சீட்டின் மேல்தான் நோட்டை விரித்து அவள் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள்.

அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. மறுநாள் காலை விளாத்திகுளம் பஸ் ஏறினாள். வீட்டுக்காரர்தான் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

அங்கே என்ன நடந்தது என்று அவளாகச் சொன்னது இவ்வளவுதான்: "மாமா அந்தச் சேலைய எங்கிட்ட இருந்து வாங்குனாவ. அம்மாவக் கூப்பிட்டு நிக்க வச்சு, திரும்ப எங்கையில குடுத்தாவ."

பத்திலிருந்து பதினொன்று

கனி இப்போது விளாத்திகுளத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். குளத்தூரில் பேச்சியோடு இருக்கிறாள். பேச்சிக்கு மறுபடி இருமல் இருக்கிறதாம். உப்பளத்துக்கு இவள் விடுவதில்லையாம்.

என்னை வெறுத்து ஒதுக்கிவிடவில்லை. பண்டிகைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் துணி எடுத்துத் தருகிறாள். மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வருகிறாள். முன்பெல்லாம் 'அம்மா' என்பாள், இப்போது 'சரோஜாம்மா' என்கிறாள். வரும் நாள் இரண்டாவது சனிக்கிழமை. அவளுக்கு அன்றைக்குத்தான் லீவு, நீயாக எதையாவது நினைத்துக்கொள்ளாதே என்கிறார் வீட்டுக்காரர்.

பத்து மணி வாக்கில் வருவாள். செருப்பை வாசலில் விடுவாள். நான் எட்டு மணிக்கே தலைக்குக் குளித்து, அவளுக்குப் பிடித்ததைச் செய்து மூடி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்பாள். பிரஷர் பார்ப்பாள். அவள் சடை அவ்வளவு இறுக்கமாக, ஒரு முடி பறக்காமல் இருக்கும். பதினோரு மணிக்கு பஸ் என்று எழுந்துவிடுவாள். பதினொன்றரைக்கும் ஒரு பஸ் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

இந்த மாதம் அவள் வரவில்லை. ஒன்பதரையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஆனதும் வீட்டுக்காரர் போன் போட்டார். பேசிவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"காய்ச்சலாம்."

நிஜமாகவே காய்ச்சலாக இருக்கலாம்.